என்ன மாத்துனோம்

— அந்த ஃபைல எவன் மாப்ள படிக்கிறான்? சொல்லு அழகுராஜா, எவன் படிக்கிறான்?

— நம்ம மோட்டார் ஆப்புல புது வெர்சன் விட்டா என்ன மாத்துனோம்னு நாலு வரி எழுதிப் போடணும் பரீது. சேஞ்ச்லாக்னு அதுக்குத்தான வச்சோம்? நான் எப்பவும் தமிழ்ல எழுதிப் போட்டேன்ல?

— நீ தங்கச்சி கல்யாணம்னு போயிட்ட. நான் ஒத்தையில கெடந்து மாரடிச்சேன். எழுத நேரமில்ல, விட்டுட்டேன். ஓப்பன் சோர்ஸ்யா! கோடு பூராம் தொறந்துதான கெடக்கு? வேணுங்கிறவன் பாத்துக்கிறட்டும்.

— கெணத்து மோட்டார போன்ல ஓட்டுற சம்சாரி கோடப் பாப்பாரா?

— அட, இதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்த? மூஞ்சியே சரியில்லயே. டீ சொல்லவா?

— வேணாம். அந்த வெர்சன்ல என்ன மாத்துன?

— சின்னதுதான் மாப்ள. கரண்டு போயிட்டு வந்தா முன்னாடி மோட்டார் சும்மா நிக்கும், நாமதான் போன்ல போட்டுவிடணும். இப்பத் தானா ஓடும். நெறையப் பேரு கேட்டாக, செஞ்சு குடுத்தேன்.

— கேக்காதவுகளுக்கும் சேத்து.

— ஆமா, எல்லாருக்குந்தான். ஏன், யாரு மோட்டாராச்சும் பொகஞ்சிருச்சா?

— எங்க நல்லகாமன் சித்தப்பா, கரண்டு இல்லாத நேரமாப் பாத்து மோட்டார் வயருக்கு ஒட்டுப் போட்டிருக்காரு. வெறுங்கையில. கரண்டு வந்துருச்சு.

— யா அல்லா... பீஸ் கட்டையப் புடுங்கிட்டுல்ல கைய வைக்கணும்?

— கரண்டு வந்தாலும் நம்ம போட்டாத்தான் ஓடும்னு இம்புட்டு நாளும் அப்பிடித்தான செஞ்சாரு. அந்த நம்பிக்கைய நாமதான் குடுத்தோம்.

— இப்ப எந்த ஆஸ்பத்திரில இருக்காரு?

— சுடுகாடு சேத்துட்டு வாரேன்.

— மாப்ள... நெசமாச் சொல்லு. நான் எழுதியிருந்தா மட்டும் அவரு படிச்சிருப்பாரா?

— அவருக்குப் படிக்கத் தெரியாது.

— அப்பறம் என்னைய ஏன்யா இப்பிடிக் கொல்ற?

— அன்னக்கொடி சித்திக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் போன வாங்கி, சத்தமா வாசிச்சுக் காட்டும். அதுக்கப்பறந்தான் அவரு அப்டேட்டே போடுவாரு. இந்தத் தடவ பாத்திருக்கு, புதுசா ஒரு வரியும் இல்ல. 'ஒண்ணும் மாத்தல, தைரியமாப் போடுங்க'ன்னு சொல்லியிருக்கு.

— சித்தி என்னைய என்ன சொல்லுச்சு மாப்ள?

— ஒன்னையக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. வண்டியில ஏறு.

— வாரேன் மாப்ள. திட்டட்டும். செருப்பக் கழட்டி அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.

— திட்டக் கூப்பிடல பரீது. 'எழுதியிருந்ததுல நான் எதையும் படிக்காம விட்டுட்டேனா'ன்னு ஒங்கிட்டக் கேக்கணுமாம்.