அக்காவும் பதினெட்டுத் தொட்டிகளும்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை ஐயா, அளவுக்கு மீறி ஊற்றித்தான் சாகின்றன. மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் குவளையைக் கீழே வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

பின்னறையில் பதினெட்டுத் தொட்டிகள் வைத்திருந்தேன். எல்லாம் மழைக்காட்டுச் செடிகள். நேர் வெயில் ஆகாது, குளிர்காற்று படவே கூடாது, காற்றில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். அதற்காக ஜன்னல்களை ஆணி அடித்து மூடி, புகைபோல ஈரம் விடும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். அக்கா தன் கணவர் இறந்த பிறகு என்னிடம் வந்தபோது அந்த அறையைத்தான் கொடுத்தேன். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சுவரில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையைக் காட்டினார்.

"இந்த ரூம்ல இவங்க இருக்கவே கூடாதும்மா. இன்னிக்கே வேற ரூமுக்கு மாத்துங்க."

தலையாட்டினேன். அவர் போனதும் பூஞ்சையைத் துணியால் துடைத்தேன். செடிகளுக்கும் அது நல்லதல்ல.

"மூச்சு முட்டுதுடி. ஹால்ல ஒரு ஓரமாப் படுத்துக்கறேனே" என்று அக்கா நச்சரித்தாள்.

"ஹால்ல குளுருதுக்கா" என்றேன். அது பொய்யில்லை.

இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தச் செடியை ஏழு வருடமாக வளர்த்தேன். அதில் புது இலை விரியும் முன் சுருண்டு, குச்சி போல நிற்கும். ஒரு காலையில் அக்கா அதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டாள்.

"வெறும் குச்சிடி, மூஞ்சில குத்துச்சு" என்று சிரித்தாள்.

பரவாயில்லை என்றேன். வயிறு பற்றி எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. மறுநாள் இன்னொரு இயந்திரம் வாங்கி வந்தேன். அவள் கதவைத் திறந்து திறந்து போட்டு ஈரத்தை வீணாக்கினாள், அதனால் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினேன். முதலில் திட்டினாள், அப்புறம் கெஞ்சினாள், அப்புறம் பேசவே மூச்சு போதவில்லை. செடிகள் தளதளவென்று இருந்தன.

அவளுடைய இன்ஹேலர் ஏன் சமையலறை அலமாரியில் இருந்தது என்று கேட்கிறீர்கள். ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று அதன் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. நீங்களே படித்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினாள். எதுவும் கேட்கவில்லை என்று அன்று உங்களிடம் சொன்னது பொய். நன்றாகவே கேட்டது.

"மருந்து... குடுடி... தங்கம்" என்றாள். சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

இன்ஹேலரைக் கையில் எடுத்தேன். கதவு வரைக்கும் போனேன். திறக்கவில்லை. முதலில் உள்ளங்கையால் தட்டினாள், பிறகு நகத்தால் சுரண்டினாள். திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன்.

சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே போனேன். கதவோரம் கிடந்தாள். எதையாவது பிடித்து எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, மூன்று தொட்டிகள் உடைந்து வேரெல்லாம் வெளியே கிடந்தன. வேரில் காற்றுப் பட்டால் செடி பிழைக்காது. உடனே வேறு தொட்டி எடுத்து, மண் நிரப்பி, மூன்றையும் நட்டு முடித்துவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

நான் நட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது என்று போஸ்ட்மார்ட்டம் செய்த உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். சரிதான். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒருத்தி, ஒரே நேரத்தில் எத்தனை உயிரைத்தான் காப்பாற்றுவது?