எட்டாவது பெயர்

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் பதினான்கு பிள்ளைகளைப் பள்ளியிலேயே பிடித்து வைக்க வேண்டுமென்றால் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். நான் வீட்டிலிருந்து ரவை ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோவேன். எங்கள் வரலாற்று மன்றம் பத்தொன்பது வருடம் அப்படித்தான் நடந்தது, நீதிபதி அவர்களே.

பள்ளியின் பெயர் உங்கள் தாளிலேயே இருக்கிறது. தியாகி அக்லி மெஸ்கானி மேல்நிலைப்பள்ளி. அவர் என் அப்பா. விடுதலைப் போர் நடந்த ஐம்பத்தேழில் பிரெஞ்சுப் பட்டாளம் அவரைப் பிடித்துப்போனது. மூன்று நாள் வதைத்தும் வாய் திறக்காததால் கொன்று ஆற்றோரம் போட்டார்கள் என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். நான் பிறந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஊர்ச் சதுக்கத்துத் தூணில் எட்டுப் பெயர்கள் உண்டு. ஏழு பேர் அதே வாரம் மலைக்குகையில் சுற்றி வளைக்கப்பட்டுச் செத்தவர்கள். எட்டாவது அப்பா.

இந்த வருடம் மன்றத்துக்கு வேலை கொடுத்தவள் நான்தான். தூணில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும், அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். தாவ்ஸ் எட்டாவது பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தபால்காரர் மகள், பதினாறு வயது. எனக்குப் பரிசாக ஒன்று செய்ய நினைத்திருப்பாள்.

எண்ணெய்ச் செக்கு ரெஸ்கி அந்தக் காலத்துப் போராளி. எந்த விழாவுக்கும் வராதவர், யாரிடமும் பழங்கதை பேசாதவர். தாவ்ஸ் அவரைத்தான் பிடித்தாள். ஜனவரியில் ஒருநாள், மற்றவர்கள் போனபிறகும் அவள் மட்டும் வகுப்பில் நின்றாள்.

"மேடம், ரெஸ்கி தாத்தா பேசிட்டாரு."

"அந்தக் கல்லையா பேச வெச்சே? எப்படிடி?"

"மூணு நாள் அவர்கூட ஆலிவ் பொறுக்கினேன். 'தொணதொணன்னு கேக்காதே, காது வலிக்குது'ன்னு திட்டினாரு. நாலாவது நாள் அவரே ஆரம்பிச்சாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "குகை இருக்கிற இடத்தை உங்க அப்பாதான் சொல்லிட்டாராம், மேடம். அதனால பட்டாளம் விட்டுடுச்சாம். வெளியே வந்தவரை நம்ம ஆளுங்கதான்... ரெஸ்கி தாத்தா கையாலயே."

அவள் பையிலிருந்து அவர் பேச்சைப் பதிந்த கேசட்டை எடுத்து என் மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எழுத மாட்டேன். விவரம் தெரிஞ்சவங்க யாரும் கிடைக்கலைன்னு எழுதிடறேன். சத்தியமா, மேடம்."

கைக்குட்டையைக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். நல்ல வேலை செய்திருக்கிறாய் என்றேன். உண்மையில் அது நல்ல வேலை. என் மன்றத்தில் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

வீட்டில் அதைப் போட்டுக் கேட்டேன். கிழவர் குரலில் வெறுப்பே இல்லை. "மூணு நாள் தாங்கினான்மா. நானா இருந்தா ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டேன்" என்கிறார். கேசட்டை அடுப்பில் போட்டேன்.

ரெஸ்கியை ஏன் விட்டேன் என்று நேற்று கேட்டீர்கள். அவர் சொன்னால் வயதாகி உளறுகிறார் என்பார்கள். தாவ்ஸ் சொன்னால் நம்புவார்கள். எதையும் சரிபார்த்துப் பேசுகிறவள் என்று ஊருக்கே தெரியும். அப்படி ஆக்கியவள் நான். அவள் சத்தியம் செய்தாளே என்றும் கேட்டீர்கள். மனதாரத்தான் செய்தாள். ஆனால் அது பதினாறு வயதின் சத்தியம். முப்பது வயதில் அவள் நல்ல வரலாற்று ஆசிரியையாக ஆகியிருப்பாள். அதை என்னைவிட யார் அறிவார்?

மார்ச்சில் மன்றத்துப் பிள்ளைகளை அந்தக் குகைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மழைக்காகத்தான் காத்திருந்தேன். ஏறும்போது தாவ்ஸ் என் கையை விடவேயில்லை. ஜனவரியிலிருந்தே என்னிடம் அப்படித்தான் நடந்துகொண்டாள், நோயாளியிடம் நடந்துகொள்வதுபோல. "பாத்து மேடம், இங்க வழுக்குது" என்றாள்.

மற்றவர்களை உள்ளே வரைபடம் போட அனுப்பினேன். குகை வாயிலிலிருந்து எதிரே உள்ள செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு வரை எத்தனை மீட்டர் என்று அளக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் மறுமுனையோடு விளிம்பை நோக்கிப் பின்பக்கமாக நடந்தாள்.

"பதினொண்ணு, மேடம். எழுதிக்கட்டுமா?"

நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவள் அருகில் போனேன். அவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு கையே போதுமாக இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளை எண்ணினேன். பதின்மூன்று பேரும் இருந்தார்கள்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாக ஏன் வந்தேன் என்று உங்கள் எழுத்தர் இன்னும் வியந்துகொண்டிருக்கிறார். விபத்து என்று எழுதிய போலீஸ் அறிக்கையைப் படித்ததால் வந்தேன். ஆசிரியையின் பேச்சை மீறி, விளையாட்டாகப் படம் எடுக்க விளிம்புக்குப் போய் விழுந்தாள் என்று போட்டிருக்கிறார்கள். தாவ்ஸ் அப்படிப்பட்டவள் அல்ல. அவள் என் பேச்சை ஒருநாளும் மீறியதில்லை. அவளைப் பற்றி இப்படியொரு பொய்யை எழுதிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. என் மாணவி அவள். அதைத் திருத்தத்தான் வந்தேன், மன்னிப்புக் கேட்க அல்ல. வருந்துகிறேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். அவளுடைய அப்பா வாசலில் நிற்கிறார் என்கிறீர்கள். நிற்கட்டும். நானும் என் அப்பாவுக்காகத்தான் நிற்கிறேன்.

நான் அவளைத் தள்ளினேன், யோசித்துத்தான் தள்ளினேன் என்று எழுதுங்கள். கேசட்டில் இருந்ததை மட்டும் எழுத வேண்டாம். இந்த வழக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.