கிளிப் படம் போட்ட துண்டு

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதல் வேலையாக மைக் வாங்க ஓடுகிறார்கள், ஐயா. அது தப்பு. முதலில் வேண்டியது நல்ல பஞ்சு மெத்தை. என் அம்மா வைத்துவிட்டுப் போன மர அலமாரி, ஆள் நின்றால் தலை இடிக்காத உயரம். தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே நாலு பக்கமும் மெத்தைகளை வைத்து ஆணியடித்தேன். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். அதைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சத்தம் கசியாமல் இருக்கப் போட்டது அது. வேறு எண்ணம் அப்போது கிடையாது.

என் நண்பன் ஹைதம் உள்ளே நின்று பாடுவான். நான் வெளியே கணினியோடு உட்கார்ந்திருப்பேன். அலறிப் பாடுகிற வெளிநாட்டு மெட்டல் இசைக் குழுக்களின் பாட்டுகளை அவன் குரலில் பதிவு செய்து இணையத்தில் போடுவோம். முகம் காட்டுவதில்லை. இந்த ஊரில் கறுப்புச் சட்டை போட்டு அலறுகிறவனைச் சாத்தானைக் கும்பிடுகிறவன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பாட்டு கேட்பதற்குத் தொண்டை கிழிகிற மாதிரி இருக்கும். உண்மையில் பாடுகிறவனுக்கு ஒரு கீறலும் விழாது. எல்லாம் மூச்சைப் பிடிக்கிற வித்தைதான்.

முதல் பதிவன்று கட்டடமே திரண்டு வந்துவிட்டது. வாசல் காவலாளி ஸாபிர் மாமா இரும்புக் குழாயால் வீட்டுக் கதவை உடைத்தார். மேல்வீட்டு உம்மு நாதியா கையில் வாணலி.

"எவன்டா அவன், பட்டப்பகல்ல கொலை பண்றது?"

ஹைதம் வேர்க்க விறுவிறுக்க அலமாரியிலிருந்து இறங்கி சலாம் சொன்னான். உம்மு நாதியா வாணலியை இறக்கினார். "அட பாவி, உன்னைப் பெத்தவ கேட்டா நெஞ்சு வெடிச்சிருப்பாளே! பாடுறதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பாடித் தொலையேன்டா!"

அன்றைக்குப் பேசி முடிவானதுதான் துண்டு விஷயம். கிளிப் படம் போட்ட கடற்கரைத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அது பால்கனியில் தொங்கினால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். யார் எப்படி அலறினாலும் யாரும் வர வேண்டாம். எங்கள் கட்டடத்து மனிதர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். துண்டைப் பார்த்தால் உம்மு நாதியா தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

போன மாதம் போலந்தில் ஒரு குழு ஹைதமைப் பாட அழைத்தது. காப்பிக்கடையில் எல்லோருக்கும் அவன் செலவில் தேநீர். "வஜீஹ் இல்லாம நீ எப்படிடா பாடுவே?" என்று ஒருவன் கேட்டான்.

"இவன் என்னத்தக் கிழிச்சான்? பட்டனை அமுக்கினான். போலந்துல பட்டன் இருக்காதா?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய குறை வேறு. ஹைதமின் அலறலில் வித்தை இருந்தது, வலி இல்லை. கொல்லப்படுகிறவன் பாடுகிற பாட்டை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் மாதிரிப் பாடுவான். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் போவதற்குள் ஒரே ஒரு முறையாவது நிஜமாகப் பாடிவிட வேண்டும் என்று விரும்பினேன். அது அவன் நன்மைக்கும்தான்.

அவன் வருவதாகச் சொல்வதற்கு முன்பே, காலையிலேயே துண்டைத் தொங்கவிட்டது ஏன் என்கிறீர்கள். வருவான் என்று நம்பினேன். வந்தான்.

"ஒரே பாட்டுதான், சரியா? அம்மா வாத்து சமைக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா என்னையே சமைச்சிருவாங்க."

முதல் தடவை பாடினான். பிசிறில்லாமல் இருந்தது. பிசிறில்லாததுதான் குறை. இன்னொரு தடவை என்று ஹெட்போன் வழியாகச் சொன்னேன்.

"போதும்டா. திற. வேகுது உள்ள."

இன்னொரு தடவை என்றேன். பாதி பாடினான். அப்புறம் என்னைத் திட்டினான், என் அம்மாவையும் திட்டினான். அப்புறம் உதைக்க ஆரம்பித்தான். மரம் அதிர்கிற சத்தம் பதிவில் விழுந்தது. குரலை அது கெடுத்துவிடும். ஆணியடித்த சுத்தியல் மேசையிலேயே இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வெளியே பாய்ந்தவனை முழங்காலில் அடித்தேன். உள்ளே விழுந்தான். மற்ற முழங்காலிலும் அடித்தேன், உதைப்பதற்கு அது ஒன்றே போதும் என்பதால். விழுந்தவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கதவைச் சாத்தினேன். விரல்கள் நடுவில் இருந்ததால் சரியாகச் சாத்தவில்லை. திரும்பத் திறந்து, பலமாகச் சாத்தினேன். விரல்கள் உள்ளே போய்விட்டன, ஒன்றைத் தவிர.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் இத்தனை வருடமாகக் காத்திருந்த குரல். மைக்கின் ஒலியளவு எகிறியது, கொஞ்சம் குறைத்தேன்.

மேல் பால்கனியிலிருந்து உம்மு நாதியா காய்கறி வாங்கத் தெருவுக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே கூப்பிட்டார். "வஜீஹ்! இன்னிக்குத் தம்பி அசத்துறான்டா! நெஜமாவே உசுரு போற மாதிரி இருக்கு!"

"சொல்றேன், அத்தை."

"முடிஞ்சதும் மேல அனுப்பு. ரவைக் கேக்கு வச்சிருக்கேன், ஊருக்குப் போற புள்ள."

அனுப்புகிறேன் என்றேன்.

பாட்டு முடிந்தபின் கொஞ்ச நேரம் முழு அமைதி பதிவாக வேண்டும். அப்போதுதான் முடிவு நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் நிற்கவில்லை. திறந்து பார்த்தேன். அவன் நகங்களால் பிய்த்ததில் ஒரு மெத்தை கழன்று கிடந்தது, பஞ்செல்லாம் சிவப்பாக. அதை அவன் முகத்தில் வைத்து மேலே உட்கார்ந்தேன். என்னைத் தள்ளப் பார்த்தான். அந்தக் கைகளால் எவ்வளவு தள்ள முடியும்? பிறகு அமைதி கிடைத்தது. அதையும் பதிவு செய்தேன்.

சாயங்காலம் அவன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "வாத்து ஆறுதுப்பா. எங்க அவன்?"

"இன்னும் பாடிக்கிட்டிருக்கான், அம்மா."

அது பொய் இல்லை. அவன் குரல்தான் அப்போது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவே இணையத்தில் போட்டேன். இந்தப் பதிவுக்கு வந்த பாராட்டு வேறு எதற்கும் வந்ததில்லை. நீங்களும் கேட்டீர்கள், உங்கள் கையில் ரோமம் சிலிர்த்ததைப் பார்த்தேன்.

இது கோபத்தில் செய்ததா என்று கேட்கிறீர்கள். கோபக்காரனுக்கு இவ்வளவு பொறுமை ஏது, ஐயா? கட்டடத்தில் எல்லோரும் அவன் பாடுகிறான் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசியாக, நடுவில் சில இடங்களில் குரல் அறுந்து போகிறதே, அது ஏன் என்றீர்கள். அங்கெல்லாம் அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பாட்டு வரிகளில் அது இல்லை, அதனால் வெட்டிவிட்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.