‘வாங்க’ன்னு வந்த மெசேஜ்

— நீதானே மீனா வரச் சொன்ன? இப்ப எதுக்கு வந்தேன்னு கேட்டா எப்படி?

— நானா? அருணு, நான் எப்பப்பா சொன்னேன்? நான் பசுமலையில, ஆபீஸ்ல இருக்கேன். நீ எங்க நிக்கிற?

— உங்க ஊர்லதான். திருவாதவூர் பஸ் ஸ்டாப்புல. பேரையூர்லருந்து பஸ் மாறி மாறி வந்துருக்கேன்.

— அய்யய்யோ! மாசக்கணக்கா உன்கிட்டருந்து ஒரு மெசேஜும் இல்ல, என்னைய கழட்டிவிட்டுட்டன்னு அழுது ஓய்ஞ்சுட்டேன்ப்பா. இப்ப திடீர்னு ஊருக்குள்ளயே வந்து நிக்கிறேங்கிற!

— மெசேஜ் இல்லையா? சத்தியமா தினம் அனுப்புனேன் புள்ள. நீ படிச்சுட்டதாவும் காட்டுதே!

— எனக்கு ஒண்ணுகூட வரலப்பா.

— வாட்ஸாப்புன்னா வீட்ல பாத்துருவாக, சாதா மெசேஜ்லயே அனுப்பு, போனும் பண்ணாதன்னு நீதானே சொன்ன? சத்தியமா அதுலதான் அனுப்புனேன்.

— எந்த நம்பருக்கு?

— இதே நம்பருக்குத்தான். இரு இரு... போன் எதும் மாத்துனியா?

— ஆமாப்பா, தீபாவளி ஆஃபர்ல வேற கம்பெனி போன் வாங்குனேன். நம்பர் அதேதான். அதுக்கும் இதுக்கும் என்ன?

— அங்கதான் சிக்கிருச்சு. உன் பழைய போனும் என் போனும் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனி போனுங்களுக்குள்ளன்னா மெசேஜை நெட்டு வழியாவே அனுப்பிக்கிரும். நீ மாறுனது அதுக்குத் தெரியல. எல்லாத்தையும் பழைய போன்லயே கொண்டுபோய் கொட்டிருக்கு.

— இப்ப எல்லாக் கம்பெனியும் ஒரே முறைக்கு வந்துட்டாகன்னு கடைக்காரரு சொன்னாரேப்பா?

— வந்துட்டாகதான். ஆனா பழசுலருந்து உன் நம்பரை எடுத்துவிடணுமாம். யாரு சொல்றா நமக்கு? அவன் ஆளு இவன்கிட்டப் போயிறக் கூடாதுன்னு அவுக போட்டி, நடுவுல நம்ம லோல்படுறோம்.

— எனக்குத் தலை சுத்துதுப்பா. அப்ப உன்னைய வான்னு எழுதுனது யாரு?

— வான்னு இல்ல புள்ள, ‘வாங்க’ன்னு. கோவத்துலதான் மரியாதை குடுக்குறேன்னு நெனச்சேன். ‘இன்னைக்கு வீட்டுக்கு வாங்க, பேசி முடிப்போம்’னு இருந்துச்சு. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு, நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். பழைய போன் யாருகிட்ட இருக்கு?

— அப்பாகிட்ட. பாட்டுக் கேக்கக் குடுத்தேன். சிம்மே இல்லப்பா அதுல, வீட்டு வைஃபைதான்.

— அப்ப நான் எழுதுன அம்புட்டையும்...

— ஓடிரு அருணு! எந்த பஸ் வந்தாலும் ஏறிரு!

— பஸ்ஸே இல்ல. ஒருத்தரு டிவிஎஸ்ல வாராரு. என்னையவே பாக்குறாரு. மீனா, வண்டிய நிப்பாட்டிட்டாரு. மீனா, போனைக் கேக்குறாரு...

— ஆத்தா மீனா, அப்பா பேசுறேன். இம்புட்டு எழுதத் தெரிஞ்ச புள்ளைக்கு, பேசி முடிப்போம்னா பெத்தவுகளைக் கூட்டிட்டு வரணும்னு தெரியாதாத்தா?