அர்லீன் கேட்காத பேச்சு

பதினேழு ஆண்டுகளாக இந்தத் தொழிற்சங்க மண்டபத்தின் கதவு இற்றுப்போகாமல் காத்து, மூடப்பட்ட நம் தொழிற்சாலையின் இன்றைய நினைவு விருந்துக்குத் தலைமையும் தாங்கி வீற்றிருக்கும் மேவிஸ் ட்ரெம்ப்ளே அம்மையார் அவர்களே! ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே! கியர் பாக்ஸ் பூட்டிப் பூட்டிக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களே! கணவன் பகல் ஷிஃப்டிலும் தாங்கள் இரவு ஷிஃப்டிலுமாக உழைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்களே! இண்டியானாவிலிருந்து நீண்ட தூரம் பயணம் செய்து, இனி மிதிப்பதே இல்லை என்று விட்டுப்போன இந்த வாசலை இன்று மிதித்து வந்திருக்கும் அர்லீன் ராய்டல் அம்மையார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஹாலிஸின் வணக்கம்.

கோழி ஆறிவிடும் என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஆறட்டும் தோழரே! ஆறிய கோழியை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். ஆறாத ஒன்று இந்த மண்டபத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்தேன்.

வெர்ன் ராய்டலைப் புகழ்ந்து பேசு என்று என்னை அழைத்தார்கள். அவன் என் நண்பன். அசெம்பிளி லைனில் எனக்கு இடப்பக்கம் நின்றவன். அவன் திருகி முடித்ததை நான் மூடி அனுப்புவேன். மார்ச் மாதத்தில் அவனை மண்ணுக்குக் கொடுத்தோம். புகழத்தானே வேண்டும்? புகழ்கிறேன். ஆனால் அவன் மனைவியின் கதையைச் சொல்லாமல் அவனைப் புகழ எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் கார் கம்பெனியின் தொழிற்சாலையில். மனைவியோ அதே கம்பெனியின் கார் விற்கும் கில்லெஸ்பி ஷோரூமில், சர்வீஸ் கவுண்ட்டரில். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் சமையலறையில் நானும் என் மனைவியும் சீட்டாடுவோம். சீட்டைக் கலைத்துக்கொண்டே வெர்ன் கேட்பான்.

"என்ன அர்லீன், இந்த வாரம் எப்படிப் போச்சு?"

"எப்படிப் போகும்? நீ காலையில அனுப்புறே, நான் சாயங்காலம் திருப்பி வாங்குறேன். நடுவுல ஓட்டுறவங்கதான் பாவம்."

சிரிப்போம். வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிக்கக்கூடிய காலமாக இருந்தது அது.

பிறகு வந்தது அந்தப் புது மாடல். அதன் கியர் பாக்ஸின் உள்ளே ஒரு வளையம். எங்கோ மலிவாகக் கிடைக்கிறதென்று மேலே இருந்தவர்கள் வாங்கிய வளையம். கையில் எடுத்ததுமே நமக்குத் தெரியவில்லையா? தெரிந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லையா? சொன்னோம். அவர் தன் மேலதிகாரியிடம் சொல்லவில்லையா? அவரும் சொன்னார். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் சொன்னார்கள்; கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. லைன் நிற்கக்கூடாது என்று பதில் வந்தது. லைன் நிற்கவில்லை. கார்கள்தான் நின்றன! பாலத்தில் நின்றன, பனியில் நின்றன, பள்ளிக்கூட வாசலில் நின்றன.

நின்ற காரெல்லாம் எங்கே வந்தது? அர்லீனின் கவுண்ட்டருக்கு வந்தது. வாரண்டி இருக்கிறது, இலவசமாகச் சரிசெய்து தாருங்கள் என்று வந்தது. பழுது பார்க்கும் செலவு மலையாக வளர்ந்தது. பெட்ரோல் விலை ஏறிப் பெரிய வண்டிகள் விலைபோகாமல் வெயில் காய்ந்த நேரம் அது. வங்கிகள் சரியத் தொடங்கிய நேரம். கம்பெனி மூச்சுத் திணறியது. மூச்சுத் திணறிய கம்பெனி என்ன செய்தது? வளையத்தை மாற்றியதா? இல்லை ஐயா, இல்லை! வாயை மாற்றச் சொன்னது. கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது என்று யாராவது வந்தால், "இது இந்த வண்டியின் இயல்பு" என்று சொல்லி அனுப்பச் சொன்னது.

அர்லீன் சொன்னார். ஒரு குளிர்காலம் முழுக்கச் சொன்னார். ஒருநாள் ஜெனிவா பிக்கன்ஸ் வந்தார். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்துப் போட்டாரே, அதே ஜெனிவாதான். அவருடைய காரைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"போன பனிக்காலத்துலயே நான் வந்து சொன்னேன்ல, குதிரை மாதிரி உதைக்குதுன்னு?"

"சொன்னீங்க."

"இயல்புன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"இப்ப வாரண்டி முடிஞ்சுதாம். என் புருஷனை டயாலிசிஸுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? உங்க இயல்பா கூட்டிட்டுப் போவும்?"

அர்லீன் கையை நீட்டினாராம்.

"சாவியைக் குடுங்க ஜெனிவா. வண்டியைச் செஞ்சு தரேன்."

ஷோரூம் முதலாளி கில்லெஸ்பி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "வாரண்டி முடிஞ்ச வண்டிம்மா அது! கம்பெனி காசு தராது!"

"வாரண்டி இருக்கும்போதே வந்தாங்க சார். நாமதான் திருப்பி அனுப்புனோம். அவங்க மேல என்ன தப்பு?"

இவ்வளவுதான் அந்த அம்மையாரின் வாதம். வழக்கறிஞர் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். இந்த ஒரு வரி போதும் எனக்கு! அன்றிலிருந்து, முன்பு வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். செய்து கொடுத்தார். அனைத்தையும் வாரண்டி வேலை என்றே கம்பெனிக்கு எழுதி அனுப்பினார்.

ஆடிட்டர் வந்தார். ஒன்றையும் ஏற்க முடியாது என்றார். கம்பெனி அந்தச் செலவையெல்லாம் கில்லெஸ்பியின் தலையில் திருப்பிக் கட்டியது. கில்லெஸ்பி கெட்டவரா? இல்லை. கண் கலங்கித்தான் சொன்னாராம்: "உன்னை வெச்சுக்கிட்டா நான் ஷோரூமை மூடணும் அர்லீன்." அர்லீன் மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு அந்த ஷோரூமும் மூடப்பட்டது. யாரை மிச்சப்படுத்தினார்கள்? எதை மிச்சப்படுத்தினார்கள்?

இனி நான் சொல்லப்போவது இந்த மண்டபத்தில் நடந்தது. கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

அந்த நவம்பர் மாதம் நினைவிருக்கிறதா? முதலாளிமார்கள் தலைநகரத்துக்குப் போய் அரசாங்கத்திடம் கையேந்தி நின்ற மாதம். நம்மிடமோ சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாரண்டிச் செலவுதான் உங்கள் சோற்றைத் தின்கிறது என்று தொழிற்சாலைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டினார்கள். இந்த மாநிலத்திலேயே அதிக வாரண்டிச் செலவு கில்லெஸ்பி ஷோரூமில் என்று யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். எரிகிற வயிறுகளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் கிடைத்துவிட்டது!

கூட்டம் கூடியது. குடும்பத்தோடு வரலாம் என்ற கூட்டம். வெர்னுக்குப் பக்கத்தில் அர்லீன், அதோ அந்த ஜன்னலோரம். நம்மோடு வேலை பார்த்த கிளைட் எழுந்தான். இறந்துபோனவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவன் சொன்னது இது:

"சம்பளம் எங்கே போச்சுன்னு தேடுறீங்களே? இதோ உக்காந்திருக்கா, நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவ!"

சிலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். "பேனாவால நம்ம கழுத்தை அறுத்துட்டாளே!" என்றது ஒரு குரல். அர்லீன் தன் கணவனைப் பார்த்தார். வெர்ன் தன் காலணியைப் பார்த்தான். அர்லீன் கோட்டை எடுத்து அணிந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் போட்டார். ஒரு பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் நடுவில் அந்த மனிதன் எழுந்திருப்பான் என்று காத்திருந்தாரோ என்னவோ! அவன் எழவில்லை. அவர் தனியாக நடந்து வெளியே போனார். அதன் பிறகு இன்றுதான் வந்திருக்கிறார்.

மார்ச் மாதம், இண்டியானாவில், புதைகுழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "நல்ல மனுஷன்தான், ஹாலிஸ். ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஹால்ல, அந்த ஒரு தடவை, அவன் எழுந்திரிக்கவே இல்ல."

இவ்வளவு ஆண்டுகளாகியும் இந்த அம்மாவுக்குத் தெரியாதா? அவன் சொல்லவே இல்லையா? இங்கே இருக்கிற நமக்கெல்லாம் தெரிந்த ஒன்று, தெரிய வேண்டிய ஒரே ஒருவருக்குத் தெரியாமலே போய்விட்டதா? கல்லறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அக்டோபர்ல நம்ம மண்டபத்துக்கு வாங்க" என்று மட்டும் கெஞ்சினேன். வந்திருக்கிறார்.

அர்லீன் அவர்களே! கேளுங்கள். இங்கே சாட்சிகள் இருக்கிறார்கள்.

நீங்கள் வெளியேறிய கூட்டத்துக்கு அடுத்த கூட்டம். நீங்கள் வரவில்லை. எப்படி வருவீர்கள்? அன்று மாலை வெர்ன் என் வீட்டுக்கு வந்து, "பிக்கப் வண்டியை எடு" என்றான். கில்லெஸ்பியின் பின்கொட்டகையில் உடைந்த கியர் பாக்ஸ்கள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றைக் காட்டி, "தூக்கு" என்றான். நான் ஒரு முனை, அவன் ஒரு முனை. கருகிய எண்ணெய் நாற்றம். இந்த வாசல் வழியாகத்தான் தூக்கி வந்தோம். எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தோம். தலைவர் அவர்களே, அன்று நீங்கள் என்ன கத்தினீர்கள்? "அட பாவிகளா, நேத்துதானே தரையை மெழுகிப் பளபளன்னு வெச்சேன்!" ஆம், சிரியுங்கள், அன்றும் சிலர் சிரித்தார்கள்.

மேடை மேசை மேல் அந்தப் பெட்டியைப் போட்டோம். மேசை அலறியது. மேடையில் ஒரு வார்த்தை பேசியறியாத வெர்ன் ராய்டல் பேசினான்.

"இது யாரு செஞ்சது? நல்லாப் பாருங்க. என் பொண்டாட்டி செஞ்சதில்ல. நாம செஞ்சது. வளையம் மட்டம்னு நமக்குத் தெரியும், தெரிஞ்சேதான் பூட்டினோம். வேலை போயிரும்னு பூட்டினோம், சரி, நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு சொல்றேன். கார் விக்கும்போது கம்பெனி ஒரு வாக்குக் குடுத்துச்சு. அந்த வாக்கை இந்த ஊர்ல ஒருத்திதான் காப்பாத்தினா. ஜெனிவா இன்னிக்கும் நம்ம காரைத்தான் ஓட்டுறா. திருப்பி அனுப்பியிருந்தா வேற கம்பெனிக்குப் போயிருப்பா, அவ பிள்ளைங்களும் போயிருக்கும். அர்லீன் நம்ம சோத்துல மண்ணைப் போடல. சோறு போடுறவங்களை விரட்டாம வெச்சிருந்தா. அன்னிக்கே நான் எழுந்து இதைச் சொல்லியிருக்கணும். எழுந்திரிக்கல. பயந்துட்டேன். அவ்வளவுதான்."

கைதட்டல் இல்லை. ஒருவர் இருவர் வெளியேறினார்கள். கிளைட் எழுந்தான், சண்டைக்கு வருகிறான் என்றே நினைத்தேன். அவன் நேராக மேடைக்கு வந்து, பெட்டியின் மூன்றாவது முனையைப் பிடித்தான். அதைத் திரும்ப வண்டியில் ஏற்றக் கை கொடுத்தான்.

வண்டியில் ஏறியதும் நான் சொன்னேன்: "நேரா வீட்டுக்குப் போ. முதல்ல அர்லீன்கிட்ட சொல்லு."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: "என்னன்னு சொல்றது? அவ இருக்கும்போது வாயை மூடிட்டு இருந்தேன். அவ இல்லாதப்ப வீரனாப் பேசினேன். இதைப் போய் அவகிட்டயே பெருமையாச் சொல்லச் சொல்றியா?"

அந்த வசந்தத்தில் கம்பெனி திவாலானது. நம் தொழிற்சாலை மூடப்பட்டது. வெர்னுக்கு இண்டியானாவில் இடம் கிடைத்தது; போய்விட்டார்கள். சொல்லாததை அவன் சொல்லாமலே கொண்டுபோனான்.

தோழர்களே! தாய்மார்களே! அந்தக் கம்பெனிகள் ஏன் சரிந்தன என்று அறிஞர்கள் ஆயிரம் காரணம் எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். வாக்கைச் செலவு என்று எழுதினார்கள். வாக்கைக் காத்தவளை நஷ்டம் என்று எழுதினார்கள். வாக்கு போனது; வாக்கை நம்பி வந்தவன் போனான்; அவன் போன பிறகு வாசலில் பூட்டுத்தானே தொங்கும்? இந்த ஊரின் பூட்டிய தொழிற்சாலையை, புல் முளைத்த அதன் வாகன நிறுத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அர்லீனின் குரல் கேட்கிறது: அவங்க மேல என்ன தப்பு? அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல ஒருவர், ஒரே ஒருவர் மேலே இருந்திருந்தால், நாம் இன்று நினைவு விருந்தா நடத்திக்கொண்டிருப்போம்?

என்ன அர்லீன்? ஏதோ சொல்கிறீர்கள்... ஒலிபெருக்கி வேண்டாமா? சரி, இங்கிருந்தே கேட்கிறது. சபைக்கு நானே சொல்கிறேன். அவர் சொல்வது இது:

"அந்தக் குளிர்காலம் பூராவும் முதுகு வலின்னு சுருண்டு படுத்திருந்தான், ஹாலிஸ். பனியில வழுக்கி விழுந்துட்டேன்னான். நானும் தினம் தைலம் தேய்ச்சேன். பொய்க்காரன்... அந்தப் பெட்டியைத் தூக்கினதுதானா?"

அதுதான் அம்மா. அதேதான்.

அழுங்கள். நாங்களும் உங்களோடுதான் இருக்கிறோம். இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை. பொறுமையோடு கேட்ட அவைக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், வாசல் தாண்டி வந்த அர்லீன் அம்மையாருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.