கீனன் சொல்லிவிட்டுப் போனது

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களே, ஆப்பிள் கேக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். மாடி அறைக்கு இப்படி மஞ்சள் அடித்தது யார் என்று நீங்களாகக் கேட்டதால் சொல்கிறேன்.

உங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்த கீனன் அடித்தது. பிறக்கப்போகும் குழந்தைக்காக. எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலைவிடக் கைக்குத்தான் வேலை. எறிந்த பந்து எங்கே பறந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவான் கீனன். ஊர் அணியில் அவனுக்கு அடுத்த இடம் என் மகன் டேரலுக்கு. அடுத்த இடம் என்றால் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கோட்டெல்லாம் ஒன்றுதான், படம் எடுக்கும்போது மட்டும் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள்.

எனக்குப் பொறாமை கிடையாது. சர்ச் விருந்தில் அணி மேலாளரின் மனைவி ஆர்லீன் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னேன்.

"வீட்டுல நீ சொல்றதுதான் அங்க அணியாம். உன் வெண்டல் வெறும் தலையாட்டியாம். கீனன் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறானாம். நான் நம்பலடி, நீயும் மனசுல வெச்சுக்காத."

"சிரிச்சானா?" என்றாள். கரண்டி சாலட்டிலேயே நின்றது.

கீனன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடியவன்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னால் பொய்யாகிவிடுமா?

ஆர்லீன் வீட்டில் போய் ஓதினாள். தான் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக, பெண்டாட்டி சொன்னபடியே கீனனை வேறோர் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் வெண்டல். உடனே கிளம்பச் சொல்லி உத்தரவு.

அது ஆட்டமில்லாத வாரம். டேரல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். அங்கே போன் கிடைக்காது. கீனன் பெட்டியோடு என் வாசலுக்கு வந்தான்.

"மிஸஸ் குசெக், டேரல் நடுவுல வர்ற பந்தைப் பயமில்லாம எம்பிப் பிடிப்பான். எதிராளிங்க எப்பவும் என்மேல ரெண்டு பேரைப் போட்டுடுவாங்க, அவன்மேல ஒருத்தன்தான். இனிமே அந்த ரெண்டாவது ஆளு அவன் முதுகுக்குப் பின்னாடி வருவான். எம்ப வேணாம், பந்து போனாப் போகட்டும்னு நான் சொன்னேன்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

"நான் எதை மறந்திருக்கேன்? நீ பத்திரமாப் போய்ட்டு வா கண்ணு" என்றேன். வழிக்குக் கேக்கும் கட்டிக் கொடுத்தேன்.

போகிற போக்கில் என் பிள்ளை மனத்தில் பயத்தை விதைக்கப் பார்க்கிறான் என்று பட்டது. முதன்முதலாக முன்னால் நிற்கப்போகிறவனிடம் போய் எம்பாதே என்றா சொல்வது? டேரலும் கீனனுக்குப் போன் செய்யக் கூசினான், அவன் இடத்தில் நிற்கிறோமே என்று.

அடுத்த ஆட்டத்தில் மைதானமே டேரல் பெயரைக் கூவியது. முதல் பந்தே அவனுக்குத்தான். எவ்வளவு அழகாக எம்பினான் தெரியுமா? இரண்டாவது ஆள் பின்னாலிருந்து வந்தான்.

இடுப்புக்குக் கீழே இன்னும் அசைவு வரவில்லை.

அணியும் அப்படித்தான் கிடக்கிறது. எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஒருவன் இல்லாமல், பிடிக்க ஓடுகிற எவனுக்கும் இடம் கிடைப்பதில்லை. எறிகிற பையன் ஆளைத் தேடுவதற்குள் மண்ணில் கிடக்கிறான். ஊரே வெண்டலைத் திட்டுகிறது. ஆர்லீன் சர்ச்சுக்கு வருவதில்லை. வீட்டில் என்ன சண்டையோ, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கீனன் அடிக்கடி போன் செய்கிறான். டேரல் தூங்குகிறான் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். நேற்று டேரல் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா, போறப்ப கீனன் எனக்கு ஒண்ணுமே சொல்லலையா? அப்படிப் போறவன் இல்லையே அவன்."

போர்வையைச் சரியாக இழுத்துவிட்டேன். "அவன் என்னடா சொல்லப்போறான், ஒண்ணும் சொல்லல" என்றேன்.

நொந்து கிடக்கிற பிள்ளையிடம் போய் அடுத்தவர் பேச்சைச் சொல்வாளா ஒரு தாய்? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.