அவ கேக்கட்டும்

மூடுங்கண்ணே. இல்ல, கதவைச் சொல்றேன். காத்து வரட்டும்னு தொறந்து வச்சிருக்கீங்க, தெரியுது. ஆனா பாப்பா இந்தப் பயிற்சி மையத்துலேர்ந்து வெளிய வர்றப்போ அது மூடியிருக்கணும். ஜன்னலை வேணா இறக்கிக்குவோம். ஆங், போதும். மொத நாளே இவன் என்னடா நம்ம வேன்ல வந்து அதிகாரம் பண்றான்னு நினைக்காதீங்க. நாளையிலேர்ந்து நீங்கதானே அவளைக் கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டுபோய் விடப்போறீங்க. நான் வர முடியாது. வேலைதான், வேறென்ன. அதான் இன்னிக்கு உங்ககூடவே உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வந்தேன்.

ஊமைப் பொண்ணா? யாரு, வாட்ச்மேன் சொன்னாரா? அவ பேசுவாண்ணே. தண்ணி சொல்வா, சாப்பாடு சொல்வா, போதும் சொல்வா, தொற சொல்வா. ஆட்டிசம் இருக்கிற பிள்ளை. வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு, வெளிய வர்றதுக்கு யாராவது அடி எடுத்துக் குடுக்கணும். அந்த யாராவது நான் மட்டும்தான். அங்கதான் வந்து மாட்டிக்கிட்டோம்.

நான் காய்கறி மொத்த மார்க்கெட்டுல ஏலம் விடுறவன். தக்காளி லாரி வந்து நின்னா இந்தக் கோடியில நான் கத்துறது அந்தக் கோடிக்குக் கேக்கும். மைக்கெல்லாம் கிடையாது. ரேடியோன்னு தான் கூப்பிடுவாங்க. வீட்டுக்காரி நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற இடத்துல வேலை. அந்த மெஷின் சத்தத்துல எவளும் வாயே தொறக்குறதில்ல, அவளுக்கும் அதே பழகிப்போச்சு. ரெண்டு வார்த்தை பேசினா மூணாவதுக்கு யோசிப்பா. வீட்டுல பேச்சு மொத்தமும் என் குத்தகைதான்.

முன்னாடி பாப்பாவுக்குத் தாகம் எடுத்தா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பாட்டில் மேல வைப்பா. என் கை ஏதோ இடுக்கி மாதிரி. மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டா. உள்ள இருக்காங்களே டீச்சரம்மா, அவங்கதான் சொன்னாங்க, உடனே குடுக்காதீங்க, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு தண்ணின்னு சொல்லுங்க, அவ திருப்பிச் சொன்னதும் குடுங்கன்னு. சொன்னேன். மாசக்கணக்கா சொன்னேன். நம்ம வேலையே கூவுறது தானே. ஒருநாள் அடுப்படியில நிக்கிறோம், திடீர்னு எட்டி என் தொண்டையில உள்ளங்கையை வச்சா. இங்க, இந்த முடிச்சு ஏறி எறங்குதுல்ல, இங்க. நான் தண்ணின்னேன். அது அதிர்றதை அப்படியே உத்துக் கவனிச்சா. அப்புறம் அவளும் தண்ணீன்னா. நான் டம்ளரைக் கீழ போட்டுட்டேன். அவ அம்மா அந்தத் தண்ணியிலேயே உட்கார்ந்துட்டா.

அதுக்கப்புறம் எடுத்துக் குடுக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்னாங்க டீச்சரம்மா. ப்ராம்ப்ட்டுன்னு சொல்லுவாங்க அதை. முழுசா சொன்னதைப் பாதியாக்கணும், பாதியை முதல் எழுத்தாக்கணும், அப்புறம் சும்மா பார்த்துட்டு நிக்கணும், அவளா கேக்கணும். எல்லாம் நல்லாத்தான் எறங்கி வந்துச்சு. தண்ணி தண்ணாச்சு, தண் வெறும் த ஆச்சு. அதோட நின்னு போச்சுண்ணே. அந்தத் த-வை நான் சொல்லணும். என் தொண்டையில கை இருக்கணும். அவ அம்மா சொன்னா ஆகாது. டீச்சரம்மா சொன்னா பத்துக்கு ஒருதடவை. நான் இல்லாட்டி நாக்கு வறண்டு கிடந்தாலும் சும்மா நிப்பா.

அவ போற பள்ளிக்கூடத்துல ஒருநாள் என்ன ஆச்சு தெரியுமா? வகுப்புக் கதவைத் தாழ் போட்டுட்டாங்க, பிள்ளைங்க ஓடிடக்கூடாதுன்னு. இவளுக்குப் பாத்ரூம் போகணும். கதவுகிட்ட வந்து நின்னுருக்கா. தொறன்னு சொல்லத் தெரியும். வீட்டுல எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. ஆனா தொ-ன்னு ஆரம்பிச்சு விட அங்க ஆளில்ல. கதவோட விளையாடுறான்னு விட்டுட்டாங்க. பாவாடையெல்லாம் நனைஞ்சு, காலை இறுக்கிக்கிட்டு, அப்பவும் கதவையே பார்த்துட்டு நின்னாளாம். நான் போய்த் தூக்கினேன். தூக்கின உடனே கை என் தொண்டைக்கு வந்துச்சு. தொ-ன்னேன். தொறன்னா. கதவு அப்போ தொறந்துதான் இருந்துச்சு.

பாவம்னு சொல்லாதீங்க. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. உண்மையைச் சொல்லவா, எங்களுக்கு நல்லவங்கதான் தொல்லை. கெட்டவன் கண்டுக்காமப் போயிடுவான். நல்லவன் அவ கேக்குறதுக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்துடுவான். உங்களைப் பார்த்த உடனே எனக்குப் பக்குன்னுச்சு. இவ்வளவு சிரிச்ச முகமா இருக்காரே, ஓடி ஓடிக் கதவு தொறப்பாரேன்னு.

போன்லயா? பதிஞ்சேனே. எல்லா வார்த்தையும் என் குரல்லயே பதிஞ்சு வச்சேன். போனு த-ங்குது, இவ போனைத் தடவிப் பாக்குறா, அதைக் கீழ வச்சுட்டு வந்து என் தொண்டையைத் தொட்டுப் பாக்குறா. அது ஆடல. போயிட்டா. டீச்சரம்மாவும் வேணாம்னுட்டாங்க. ஆயுசுக்கும் போனைக் கழுத்துல கட்டிக்கிட்டா திரிவா?

இந்த ஒரு மாசமா நான் வீட்டுல ஊமை வேஷம் கட்டுறேன். நம்ப முடியுதா, நானு! கழுத்தைச் சுத்தித் துண்டைக் கட்டிக்குவேன். அவ அம்மா டம்ளரைப் பிடிச்சுட்டு நிப்பா. பாப்பா துண்டைப் பிச்சு எறிவா, என் கழுத்தைப் பிராண்டுவா, கடைசியில தன் தலையிலேயே அடிச்சுக்குவா. நேத்து உதடெல்லாம் வெடிச்சு நின்னாண்ணே. அவ அம்மா டம்ளரை என் முன்னாடி வச்சுட்டு, பேசித் தொலையேன்யா, பிள்ளை செத்துடப் போகுதுன்னா. அவ அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. நான் எழுந்து பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். வெளிய வந்தா த-ன்னு சொல்லிடுவேன்னு பயம். கடைசியில அவ அம்மாவே குடுத்துட்டா. வார்த்தை வரல. எனக்கு நேரமும் இல்ல.

சரி, கவனிங்க. கைப்பிடி மேல கையை வைங்க. அவளைப் பாருங்க, பேசாதீங்க. தலையாட்டாதீங்க, அதுவும் எடுத்துக் குடுக்குற மாதிரிதான். மனசுக்குள்ள மெதுவா அஞ்சு எண்ணுங்க. ஒண்ணும் வரலையா, கைப்பிடியை விரலால காட்டுங்க. அப்பவும் வரலையா, லேசா அசைச்சு சத்தம் குடுங்க. ஒண்ணுக்குமே ஆகலைன்னா மட்டும் தொ. முழு வார்த்தையைச் சொல்லிடாதீங்க. ஆனா அவ சொன்ன அந்த நொடியே தொறந்துடணும். எங்க, இன்னொரு தடவை சொல்லு பாப்போம்ங்கிறதெல்லாம் கூடாது. கேட்டாக் கிடைக்கும்னு அவளுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

வர்றா. அதோ, டீச்சரம்மா கையை விட்டுட்டு வர்றா பாருங்க. நீங்க இப்படி நில்லுங்க. நான் வேனுக்குப் பின்னாடி போயிடறேன். என்னைப் பார்த்தா அவ்வளவுதான்.

மெதுவாத்தான் சொல்றேன், அவளுக்குக் கேக்காது. எண்ணுங்க. தொறந்துடாதீங்கண்ணே. தட்டட்டும், தகரம்தானே. என்னைத்தான் தேடுறா. கைப்பிடியைக் காட்டுங்க. பேசாம காட்டுங்க. தலையில அடிச்சுக்குறா, தெரியுது, எனக்குத் தெரியாதா, நான் பெத்தவன்யா. இன்னும் கொஞ்சம். உங்க கழுத்துக்குக் கை வருதா? குனியாதீங்க. நிமிர்ந்தே நில்லுங்க. கைப்பிடியை அசைங்க. அசைங்கண்ணே.

கேட்டுச்சா? தொறங்க, தொறங்க, உடனே தொறங்க! ஏறட்டும். பிடிச்ச எடத்துல உட்காரட்டும்.

சொல்லு, தொறன்னா. கவனிச்சீங்களா? அந்தச் சொல்லுங்கிறது அவளுது இல்ல, என்னுது. பாப்பா சொல்லு, தொ-ன்னு நான் ஆரம்பிப்பேன்ல, அதையும் சேர்த்து எடுத்துக்கிட்டா. கேட்டா டீச்சரம்மா அதைக் கழிக்கணும்னுவாங்க. அது பின்னாடி பாத்துக்கலாம். என் கழுத்தைத் தொடாம உங்களைப் பார்த்துக் கேட்டாளே. நாளைக்கு வார்த்தை வராமப் போகலாம். நாளான்னிக்கும் வராமப் போகலாம். நீங்க விட்டுடக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஏன் இப்படி அவசரப்படுறீங்க, மெதுவாக் கத்துக்கட்டுமேன்னு கேக்குறீங்க. கத்துக்கட்டும். எனக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். தொண்டையில கட்டி, குரல்பெட்டியை மொத்தமா எடுத்துடுவாங்களாம். உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னுட்டாங்க. பின்னாடி ஏதோ கருவி வச்சுப் பேசலாமாம், பாப்போம். இவகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு டீச்சரம்மாவுக்கும் தெரியல.

நானும் ஏறிக் கதவைச் சாத்திட்டேன், நீங்க எடுங்க வண்டியை. போற வழியெல்லாம் நான் பேசிக்கிட்டேதான் வருவேன், கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே.